பித்தநீர் இரைப்பை அழற்சி: மருந்து விஷயத்தில் நேரும் தவறுகள்

ரங்கூனில் பல மருந்துக் கடைகளில் 'வயிறு எரிகிறது' என்று சொன்னால் போதும், அட்டையிலிருந்து கத்தரித்த நாலைந்து மாத்திரைகள் சிறு பிளாஸ்டிக் உறையில் கைக்கு வந்துவிடும். உறையின்மேல் மருந்தின் பெயரும் இராது, அளவும் இராது. சிறுகுடலிலிருந்து பித்தநீர் மேலேறி இரைப்பையைப் புண்ணாக்கும் நோயில் இந்தப் பழக்கம் மிகவும் கெடுதலானது. ஏனெனில், இங்கே எரிச்சலுக்குக் காரணம் அமிலம் மட்டுமன்று.

ஓமெப்ரசோல் போன்றவை அமிலச் சுரப்பைக் குறைக்கின்றன. பித்தநீரின் வரவைத் தடுப்பதில்லை. அமிலமும் பித்தநீரும் சேரும்போது சேதம் கூடும் என்பதால் மருத்துவர்கள் அந்த மாத்திரைகளையும் தருவதுண்டு. ஆனால் எரிச்சல் அடங்கவில்லை என்று நாமாகவே அளவை இரட்டிப்பாக்குவது வீண். 'பித்தம் ஏறிவிட்டது' என்று வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடிப்பவர்களும் நம்மிடையே உண்டு. புண்ணான சவ்வுக்கு அது மேலும் எரிச்சல்தான்.

பெரும்பாலான பிழைகள் நேரத்தைப் பற்றியவை. சுக்ரால்ஃபேட் இரைப்பைச் சவ்வின்மேல் பூச்சுபோல் படிய வேண்டியது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் எடுக்காமல் சோற்றோடு விழுங்கினால் பயன் குறையும். அதில் அலுமினியம் இருப்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பித்த அமிலங்களைப் பற்றிக்கொள்ளும் கொலெஸ்டிரமின் தூள், உடன் விழுங்கும் தைராக்ஸின் (தைராய்டு மாத்திரை), வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுப்பது) முதலியவற்றையும் சேர்த்தே பற்றிக்கொள்கிறது. ஆகவே மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே உறையில் கலந்து வாங்குபவருக்கு இது எப்படித் தெரியும்?

அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் பித்தநீரின் கடுமையைத் தணிக்கிறது. அது மேலேறுவதை நிறுத்துவதில்லை, இரண்டு நாளில் முடிவு காட்டுவதுமில்லை. இரைப்பையை விரைவில் காலியாக்கும் மெட்டோகுளோபிரமைடு வேறு வகை: வாந்தி நின்றதே என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால் முகத்திலும் நாவிலும் தன்னிச்சையான அசைவுகள் வரக்கூடும், சிலருக்கு அவை மறைவதே இல்லை. அதே வேலைக்குத் தரப்படும் டொம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம். மூட்டு வலிக்காக, இரைப்பையைப் புண்ணாக்கக்கூடிய டைக்ளோஃபெனாக்கைத் தொடர்ந்துகொண்டே இவற்றை எடுப்பதும் ஒரு கையால் கட்டி மறு கையால் இடிப்பதே.

பித்தப்பையோ இரைப்பையின் பகுதியோ அகற்றப்பட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டாஸ்கோபியின் தேவையும், மருந்து பலிக்காதபோது அறுவை சிகிச்சை பற்றிய ஆலோசனையும் அதைப் பொறுத்தே அமையும். இரத்த வாந்தி, கரிய மலம், காரணமற்ற உடல் மெலிவு ஆகியவை தென்பட்டால் மாத்திரையை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விழுங்கி மிஞ்சிய உறையையும் கையோடு கொண்டுபோங்கள்.