புதிய விசுவாசியை வளர்க்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

வேறொரு மொழியிலும் வேறொரு மதச் சூழலிலும் வளர்ந்த ஒருவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்கிறார். ஞானஸ்நானமும் ஆகிவிட்டது. அவரை விசுவாசத்தில் நிலைநிறுத்தும் பொறுப்பு உங்கள் கைக்கு வருகிறது. தப்பான உபதேசம் எதையாவது சொல்லிக்கொடுத்துவிடுவோமோ என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் அது அபூர்வம். அடிக்கடி நடப்பது வேறு: ஆறு மாதத்தில் அவரை அப்படியே நம்மைப் போல ஆக்கிவிடுகிறோம்.

சபைக்கு இது புதிய சிக்கல் அல்ல. கி.பி. 49-ஐ ஒட்டி அந்தியோகியாவில் வெடித்த சண்டையே இதுதான். யூதரல்லாத விசுவாசிகளும் விருத்தசேதனம் என்னும் யூதச் சடங்கை (ஆணின் நுனித்தோலை வெட்டுவது) செய்துகொள்ள வேண்டும் என்று யூதேயாவிலிருந்து வந்த சிலர் வற்புறுத்தினார்கள். விஷயம் எருசலேம்வரை போனது. புறஜாதியாரின் மேல் அந்தப் பாரத்தைச் சுமத்த வேண்டாம் என்று அங்கே முடிவானது; விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கை மட்டும் விலக்கச் சொன்னார்கள். இவ்வளவும் அப்போஸ்தலர் 15-இல் இருக்கிறது. அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால் பவுல் தன் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்கிறார்! ஆனால் இன்னொரு உடன் ஊழியரான தீத்துவுக்கு அதைச் செய்ய விடவில்லை என்று கலாத்தியர் 2-இல் எழுதுகிறார். முரண்பாடு போலத் தெரியும். தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண். அவர் யூதர் நடுவில் ஊழியம் செய்யப் போகிறவர். தீத்து கிரேக்கர், அவர் விஷயத்தில் அதே சடங்கு இரட்சிப்புக்கு நிபந்தனையாக நின்றது. செயல் ஒன்றுதான், கேள்வி வேறு. புதியவரிடம் உடையை மாற்று, பெயரை மாற்று, இந்த மெட்டில் பாடு என்று சொல்ல வாய் திறக்கும்முன், ‘இது இல்லாவிட்டால் இவர் கிறிஸ்துவுக்குள் இல்லையா?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நாம் சொல்ல நினைத்ததில் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும்.

சரி, அப்படியானால் பழையது எல்லாம் இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? அதுவும் தவறுதான். ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதில்தான் சேதம் அதிகம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தடுத்தால், அவை நின்றுபோகாது. நம் கண்ணுக்குப் படாத இடத்துக்குப் போய்விடும். சீனக் கத்தோலிக்கர்கள் முன்னோருக்குச் செய்யும் மரியாதைச் சடங்குகளை 1742-இல் ரோம் அடியோடு தடை செய்தது. 1939-இல்தான் பெருமளவு தளர்த்தியது. கிட்டத்தட்ட 200 ஆண்டுகள்! போப் முதலாம் கிரகோரி இதில் கொஞ்சம் நெகிழ்ந்தவர். இங்கிலாந்தில் விக்கிரகக் கோயில்களை இடிக்கும்படி அரசருக்கு எழுதியவர், அதே 601-ஆம் ஆண்டில் வேறொரு கடிதத்தில், விக்கிரகங்களை மட்டும் அகற்றிவிட்டுக் கட்டடங்களை ஆராதனைக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். அந்த முடிவு முழுக்கச் சரியா என்று வாதாடலாம். மறுபடி யோசித்தாரே, அது எனக்குப் பிடிக்கும்.

நடைமுறையில் நான் செய்வது இது. ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அதற்கு என்ன அர்த்தம், யார் செய்வார்கள், செய்யாவிட்டால் என்ன பயம் என்று முதலில் அவரையே சொல்ல விடுகிறேன். அப்புறம் வேதத்தை ஒன்றாக வாசிக்கிறோம். முடிவை அவரும் அவரைப் போன்ற மற்ற விசுவாசிகளும் எடுக்கட்டும். பல நேரம் அவர்கள் என்னைவிடக் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

இதைவிட ஆழமான ஒரு ஓட்டை உண்டு. இந்தியாவில் மிஷனரியாக இருந்த மானிடவியலாளர் பால் ஹீபெர்ட் 1982-இல் அதைப் பற்றி எழுதினார். நவீனக் கல்வி பெற்ற போதகர் இரண்டு தளங்களைத்தான் பார்க்கிறார்: மேலே தேவன், பரலோகம், நித்தியம், கீழே அறிவியலும் அன்றாட வாழ்வும். நடுவில் ஆவிகள், கண்ணேறு, சாபம், பில்லிசூனியம் என்று ஒரு உலகம் இருப்பதையே அவர் கவனிப்பதில்லை. புதிய விசுவாசிக்கோ வாழ்க்கையின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. நானும் இதில் அடிபட்டவன். ஒருவருக்குப் பாடப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, பாடம் பாடமாக நடத்தி முடித்தேன். கோடிட்ட இடங்களையெல்லாம் அழகாக நிரப்பியிருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, என்னிடம் சொல்லாமல் மந்திரவாதியிடம் போனார். எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், நடுராத்திரி பயத்துக்குக் கிறிஸ்துவிடம் என்ன பதில் இருக்கிறது என்று ஒரு பாடத்திலாவது நான் சொல்லியிருக்கவில்லை. கொலோசெயரில் பவுல் துரைத்தனங்கள், அதிகாரங்கள் என்று ஆவி உலகச் சக்திகளைப் பற்றிப் பேசுவதை இப்போது முதல் மாதத்திலேயே வாசிக்கிறேன். மருத்துவரிடம் போவதையும் அதோடு சேர்த்தே சொல்கிறேன்.

வார்த்தைகளிலும் வழுக்கும். ‘மறுபடியும் பிறக்க வேண்டும்’ என்று நாம் சொல்வது, மறுபிறவி நம்பிக்கையில் வளர்ந்தவர் காதில் ‘இன்னொரு ஜென்மம்’ என்றே விழலாம். அவரும் தலையாட்டுவார். புரிந்ததா என்று கேட்காதீர்கள், புரிந்தது என்பார். கேட்ட கதையை அவருடைய தாய்மொழியில், அவர் வீட்டில் ஒருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே திரிந்திருக்கிறது என்பது அப்போது தெரியும். வாசித்துப் பழகாதவருக்கும் இதுவே வழி. முழு வேதாகமம் 700-க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்துவிட்டது, ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டாலே வேலை முடிந்ததாகாது. அவசரமும் உதவாது. அந்தியோகியாவில் பர்னபாவும் சவுலும் (பவுல்தான்) ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து போதித்தார்கள்.

குடும்பத்தைப் பற்றி. வாரத்தில் ஐந்து நாள் கூட்டம் வைத்து ஒருவரை அவருடைய மனிதர்களிடமிருந்து பிரித்தெடுப்பதை நாம் வளர்ச்சி என்று நினைத்துக்கொள்கிறோம். லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்து விடுதலையானவன் இயேசுவோடு படகில் வரக் கெஞ்சினான்; அவரோ வீட்டாரிடம் திருப்பி அனுப்பினார். விசுவாசியாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் விட்டுப் பிரிய வேண்டாம் என்கிறது 1 கொரிந்தியர் 7. இன்னொன்று: அவருடைய சாட்சியையும் படத்தையும் அவரைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள். சில இடங்களில் அது வேலையை, வீட்டை, ஏன், உயிரையே பறிக்கும். பண உதவியை நீங்கள் தனியாகச் செய்யாமல் சபை வழியாகச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அவருக்கு நீங்கள் முதலாளி ஆகிவிடுவீர்கள்.

பொறுப்பு கொடுப்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஞானஸ்நானம் எடுத்த மாதமே மேடையேற்றுகிறவர்களும் உண்டு, பத்து வருஷமானாலும் ‘அவர் புதியவர்’ என்கிறவர்களும் உண்டு. கண்காணி, அதாவது சபைத் தலைவர், நூதன சீஷனாக (புதிதாக விசுவாசத்துக்கு வந்தவராக) இருக்கக்கூடாது என்று 1 தீமோத்தேயு 3 சொல்கிறது. அது ஏற்கெனவே சில ஆண்டுகளாக இருந்துவந்த எபேசு சபைக்கான அறிவுரை. கிரேத்தா தீவில் மூப்பரை ஏற்படுத்தச் சொல்லித் தீத்துவுக்கு எழுதும்போது அந்தத் தகுதி பட்டியலில் இல்லை. அங்கே எல்லோருமே புதியவர்களாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆகவே நான் சின்னதாக ஆரம்பிக்கிறேன்: இந்த வாரம் கதையை அவர் சொல்வார், நான் கேட்பேன். ஒரு மாதம் கழித்து அவர் வீட்டில் கூடுவோம். அதற்குப் பிறகு ஒரு நாள் நான் வேண்டுமென்றே போகாமல் இருப்பேன்.