விரிதாளிலிருந்து தரவுத்தளத்துக்கு: மேற்குறி எழுத்துகள் சிதையாமல் கொண்டுசேர்க்கும் முறை

பிரெஞ்சுப் பெயர்கள் அடங்கிய விரிதாளைத் தரவுத்தளத்தில் ஏற்றிய பிறகு, ரெனே என்ற பெயரின் இறுதியில், தலையில் சாய்கோடு உள்ள ஆங்கில 'ஈ' இருக்க வேண்டிய இடத்தில், அலைக்குறி இட்ட 'ஏ'யும் அதையடுத்துப் பதிப்புரிமைக் குறியும் தென்படுவது பலருக்கும் பழக்கமான காட்சி. எழுத்துகளைப் பைட் எண்களாக எழுதும் குறியாக்க முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8 முறையில் அந்த எழுத்து 195, 169 என இரண்டு பைட்டுகளாக எழுதப்படுகிறது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய விண்டோஸ் 1252 முறையிலோ அது 233 என்ற ஒரே பைட். முதல் முறையில் எழுதியதை இரண்டாம் முறையில் படித்தால், ஓர் எழுத்து இரண்டாகிவிடும். விரிதாளைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுசெல்லும் சிஎஸ்வி கோப்பு (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை) எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது என்பதைக் குறிக்க அந்தக் கோப்பிலேயே முறையான இடம் கிடையாது. ஆகவே, கோப்பு கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் அதை நாமே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

எக்ஸெலில் சேமிக்கும்போது, பட்டியலில் உள்ள சாதாரண சிஎஸ்வி வகையைத் தவிர்த்து, 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண வகை, அந்தக் கணினியின் பழைய எழுத்து அட்டவணையைப் பயன்படுத்துகிறது. அது 1252 ஆக இருந்தால் பிரெஞ்சு எழுத்துகள் தப்பிக்கும். ஆனால் அதே தாளில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தால் அது முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில், சேமிக்கும் பெட்டியில் வடிகட்டி அமைப்பைத் திருத்தும் தேர்வை இயக்கினால், குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். கூகுள் ஷீட்ஸ் எப்போதும் யூடிஎஃப்-8 கோப்பையே தரும்.

சேமித்த கோப்பைச் சரிபார்க்க, அதை இருமுறை சொடுக்கி எக்ஸெலில் திறக்காதீர்கள். கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட் அடையாளம் இல்லையென்றால், எக்ஸெல் அதைப் பழைய அட்டவணைப்படி படிக்கும். அந்த நிலையில் மறுபடி சேமித்தால் சிதைவு கோப்பிலேயே நிலைத்துவிடும். நோட்பேடில் திறந்து பார்ப்பதே போதுமானது. எக்ஸெலில்தான் பார்க்க வேண்டுமென்றால், டேட்டா பட்டியலின் வழியாகக் கோப்பை இறக்கி, மூலக் குறியாக்கமாக, யூடிஎஃப்-8-ஐக் குறிக்கும் 65001-ஐத் தேர்ந்தெடுங்கள்.

தரவுத்தளப் பக்கத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் நெடுவரிசையின் எழுத்துத் தொகுதி (அதாவது குறியாக்கம்), ஓர் எழுத்துக்கு நான்கு பைட் வரை ஏற்கும் யூடிஎஃப்8-எம்பி4 ஆக இருக்க வேண்டும். யூடிஎஃப்8 என்று மட்டும் எழுதினால் கிடைக்கும் பழைய தொகுதி ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகளுக்கு மேல் ஏற்காது. 8.0 பதிப்பிலிருந்து எம்பி4 இயல்பாகவே வருகிறது. அதற்கு முன் உருவாக்கிய அட்டவணைகள் பெரும்பாலும் 1252-ஐ ஒத்த லத்தீன்1-இலேயே கிடக்கும். கோப்பை நேரடியாக ஏற்றும் 'லோட் டேட்டா' கட்டளையில் பலரும் இடறும் ஓர் இடம் உண்டு: 'செட் நேம்ஸ்' கட்டளை இணைப்பின் குறியாக்கத்தை மாற்றுமே தவிர, ஏற்றப்படும் கோப்பைப் படிக்கும் முறையை மாற்றாது. கோப்பு, தரவுத்தளத்தின் இயல்பான எழுத்துத் தொகுதிப்படியே படிக்கப்படும். எனவே ஏற்றும் கட்டளைக்குள்ளேயே எழுத்துத் தொகுதியைக் குறிப்பிட வேண்டும். மற்றொரு தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் 'காப்பி' கட்டளையிலும் குறியாக்கத்தைக் கூற முடியும். யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டு 1252 கோப்பைக் கொடுத்தால், அது பிழை காட்டி ஏற்றுவதை நிறுத்திவிடும். வேலை தடைப்பட்டாலும், சிதைந்த தரவு உள்ளே போகாமல் காக்கும் இந்தக் கண்டிப்பு நல்லதே.

எக்ஸெல் தன் கோப்பின் தொடக்கத்தில் இடும் அந்த மூன்று பைட்டுகள், தலைப்பு வரியைத் தவிர்த்து ஏற்றும்போது அதனுடனே போய்விடும். தலைப்பு வரி இல்லாத கோப்பிலோ அவை முதல் மதிப்போடு ஒட்டிக்கொள்வதால், கண்ணுக்குச் சரியாகத் தெரியும் அந்த மதிப்பு தேடலில் அகப்படாது.

ஏற்றியபின் திரையை மட்டும் நம்பாதீர்கள். திரையும் தவறாகப் படிக்கக்கூடும். ரெனே என்பது பிரெஞ்சு எழுத்தில் நான்கு எழுத்து, யூடிஎஃப்-8 முறையில் ஐந்து பைட். மைஎஸ்கியூஎல்லில், எழுத்துகளை எண்ணும் 'கேர் லெங்த்' 4 என்றும் பைட்டுகளை எண்ணும் 'லெங்த்' 5 என்றும் வந்தால் சரி. 5 எழுத்து, 7 பைட் என்று வந்தால், ஒருமுறை குறியாக்கியதே மறுபடியும் குறியாக்கப்பட்டுவிட்டது.

இந்தக் கணக்கு 5 எழுத்து, 6 பைட் என்று வந்தால் காரணம் வேறு. சாய்கோடு உள்ள எழுத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், 'ஈ'யையும் சாய்கோட்டையும் தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம். தமிழில் 'கொ'வின் உயிர்க்குறியை ஒன்றாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுத முடிவதைப் போன்றதுதான் இது. ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும், ஒரே குறியாகச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பெயர் நெடுவரிசையில், ஒரே பெயர் இருமுறை வராமல் தடுக்கும் தனித்தன்மைக் கட்டுப்பாடு வைத்திருந்தால் ஒப்பீட்டு விதியையும் பாருங்கள்: மைஎஸ்கியூஎல் 8.0-இன் இயல்பான விதி மேற்குறி உள்ளதையும் இல்லாததையும் ஒன்றாகவே கருதுவதால், இரண்டாவது பெயரை நகல் என்று தள்ளிவிடும்.

இருமுறை குறியாக்கப்பட்ட தரவை மீட்க முடியும்: மதிப்பை லத்தீன்1-க்கு மாற்றி, அதை வெறும் பைட்டுகளாகக் கொண்டு, மறுபடியும் யூடிஎஃப்8-எம்பி4 ஆகப் படிக்க வேண்டும். அட்டவணையை நகலெடுத்து, சிதைந்த வரிகளில் மட்டும் இதைச் செய்யுங்கள். கேள்விக்குறியாகிப்போன எழுத்துகளில் மீட்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அங்கே இருப்பது 63 என்ற பைட் மட்டுமே. அவற்றுக்கு மூல எக்ஸெல் கோப்பையே திறந்து, சிஎஸ்வியை முதலிலிருந்து எடுக்க வேண்டும்.