‘ஃபோல்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பொருளறிந்து பயன்படுத்தும் முறை

திருகோணமலையில் ஆங்கிலம் கற்க வரும் மாணவர்களிடமும், அலுவலகங்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தரும்படி கேட்டு வருவோரிடமும் நான் திரும்பத் திரும்பக் காணும் தடுமாற்றம் ‘ஃபோல்ஸ்’ என்ற பெயரடையைப் பற்றியது. அகராதி அதற்குப் ‘பொய்யான’ என்று பொருள் தருகிறது. நம் பேச்சிலோ கணக்குத் தவறினாலும், செய்தி உண்மையில்லை என்றாலும், வழி மாறிப் போனாலும் ‘பிழை’ என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது. இவ்விரு பழக்கங்களையும் அப்படியே ஆங்கிலத்துக்குள் கொண்டுபோகும்போதுதான் சிக்கல் எழுகிறது.

‘பிழை’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரோங்’, ‘ஃபோல்ஸ்’ என்று இரு சொற்கள் உள்ளன. வகுப்பில் நான் கொடுக்கும் எடுத்துக்காட்டு இது: ‘மகாவலி கங்கை மன்னார்க் கரையில் கடலோடு கலக்கிறது.’ மகாவலி நம் கொட்டியாரக் குடாவில்தான் கலக்கிறது என்பதால் இக்கூற்று ‘ஃபோல்ஸ்’. வினாத்தாளில் இதற்கு எதிரே ‘ஃபோல்ஸ்’ என்று குறித்த மாணவியின் விடை சரியானது. ‘ட்ரூ’ என்று குறித்தவரின் விடை ‘ரோங்’. கூற்று உண்மையோடு பொருந்துகிறதா என்பதற்கு ஒரு சொல்லும், விடையோ செயலோ தெரிவோ சரியாக அமைந்ததா என்பதற்கு மற்றொரு சொல்லும் வழங்குகின்றன. ஆகவே பிழையான பஸ்ஸில் ஏறினேன், பிழையான இலக்கத்துக்கு அழைத்தேன் என்பவற்றில் ‘ரோங்’ மட்டுமே பொருந்தும். ‘ஃபோல்ஸ் நம்பர்’ என்றால், மறைப்பதற்காக வேண்டுமென்றே கொடுத்த போலி இலக்கம் என்று கேட்பவர் எண்ணக்கூடும்.

அடுத்தது பொய். தமிழில் ‘அது பொய்’ என்று சொன்ன உடனே, சொன்னவர் பொய்யர் என்ற குற்றச்சாட்டும் கூடவே வந்து நிற்கிறது. ஏமாற்றுதல் என்னும் பொருளுள்ள ‘ஃபல்லெரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல்லாயினும், ‘ஃபோல்ஸ்’ ஒரு கூற்றைக் குறிக்கும்போது அதைச் சொன்னவரின் உள்ளத்தைப் பற்றித் தானாக எதுவும் கூறுவதில்லை. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை இதற்கு நல்ல சான்று. சத்தியம் செய்தவர் கூறியது ‘ஃபோல்ஸ்’ ஆக இருப்பது மட்டும் பொய்ச்சாட்சி ஆகாது. அது அவ்வாறானது என்பதை அவர் அறிந்தோ நம்பியோ, அல்லது அதை உண்மையென நம்பாமலோ கூறியிருக்க வேண்டும் என்று சட்டம் தனியாக ஒரு நிபந்தனை விதிக்கிறது. சத்தியக்கடதாசியில் கையொப்பமிடுவோர் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது மிக அவசியம் என்று கருதுகிறேன்.

எனினும் கடிதத்தில் ஒரு கவனம் தேவை. உங்கள் காணி உப்புவெளியில் இருக்க, ஆவணத்தில் நிலாவெளி என்று பதிவாகியிருந்தால், ‘நீங்கள் ஃபோல்ஸ் தகவல் தந்தீர்கள்’ என்று அலுவலருக்கு எழுதாதீர்கள். ஒருவரை நேரே சுட்டி, அவர் தந்த தகவலுக்கு இந்த அடையைச் சேர்க்கும்போது வஞ்சகம் என்ற சாயல் ஏறிவிடும். ‘இன்கரெக்ட்’ என்ற சொல் அதே குறையைக் குற்றம் சாட்டாமல் தெரிவிக்கும்.

எச்சரிக்கை, நம்பிக்கை, தொடக்கம் போன்ற பெயர்களுக்கு முன் வரும்போது இச்சொல் ‘எதிர்பார்த்தது நிகழவில்லை’ என்ற பொருளைத் தருகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது, 2004ஐ மறவாத நம் கரையோர மக்கள் மேட்டுநிலம் தேடி விரைந்தார்கள்; பாறைத்தட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. இத்தகைய நிகழ்வை ஆங்கிலேயர் ‘ஃபோல்ஸ் அலாம்’ என்பர். அதைப் ‘பொய் எச்சரிக்கை’ என்று பெயர்ப்பது, கடமையைச் செய்தவர்களைப் பொய்யராக்கிவிடும். ‘எச்சரித்தபடி நிகழவில்லை’ என்று விரித்து எழுதுவதே நேர்மையானது. மழை பொய்த்தது என்கிறோமே, அங்கே நம் சொல்லும் ஏறத்தாழ இதே பொருளைத்தான் சுமக்கிறது. 2011இல் தேகு நகரில் உசைன் போல்ட் 100 மீற்றர் இறுதி ஓட்டத்தில் வெடியொலிக்கு முன் பாய்ந்து விலக்கப்பட்டதும் ‘ஃபோல்ஸ் ஸ்டார்ட்’டால்தான்.

மருத்துவ அறிக்கையில் இச்சொல்லைத் தவறாக விளங்கிக்கொள்வது ஆபத்தானது. டெங்கு வைரசின் என்எஸ்1 புரதம் காய்ச்சலின் முதல் நாட்களில் இரத்தத்தில் மிகுந்திருந்து பின்னர் குறைகிறது. தாமதித்துச் சோதித்தால், நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். அதுவே ‘ஃபோல்ஸ் நெகட்டிவ்’. ஆய்வுகூடம் ஏமாற்றியது என்று அதற்குப் பொருளில்லை. சோதனையின் எல்லையை அது குறிக்கிறது. நோய் இல்லாதவருக்கு இருப்பதாகக் காட்டினால் ‘ஃபோல்ஸ் பொசிட்டிவ்’.

பொருட்களைக் குறிக்கும் வழக்கு நமக்கு எளிது: பொய்ப்பல், பொய்த்தளம் போன்றவற்றை நாமும் அதே முறையில்தான் சொல்கிறோம். ஆனால் செயற்கைக் காலுக்கு ‘ஆட்டிஃபிஷல்’ என்பதே பெருவழக்கு. கள்ளநோட்டுக்குக் ‘கவுன்டர்ஃபிட்’ அல்லது ‘ஃபேக்’ என்பர். ஆட்களைக் குறித்தால் துரோகம் செய்பவர் என்ற பொருள் வரும். விவிலியத் தமிழ் ‘கள்ளத் தீர்க்கதரிசி’ என்று சொல்வது இவ்வகைக்கு மிகப் பொருத்தமான பெயர்ப்பு. உயிரினப் பெயர்களில் வெறும் ஒப்புமையே உண்டு. ‘ஃபோல்ஸ் கில்லர் வேல்’ எனப்படும் கடல்வாழ் விலங்கின் மண்டையோடு கொலைத்திமிங்கிலத்தினுடையதை ஒத்திருப்பதால் அப்பெயர் வந்தது.

உச்சரிக்கும்போது இறுதி ஒலியை மென்மையான காற்றொலியாகவே நிறுத்த வேண்டும். அதிரவிட்டால் விழுதல் என்னும் வேறு சொல்லாகிவிடும். ‘வெரி ஃபோல்ஸ்’ என்பது இயல்பான வழக்கன்று. அழுத்தம் வேண்டுமானால் ‘கொம்ப்ளீட்லி ஃபோல்ஸ்’ என்று எழுதுங்கள். வினையை அடைசெய்ய ‘ஃபோல்ஸ்லி’ என்ற வடிவம் உண்டு. குற்றமற்றவர்மீது பழி சுமத்தப்பட்டதைக் கூறும் இடத்தில்தான் அதை மிகுதியாகக் காண்பீர்கள்.