ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்லைச் சொத்தையிலிருந்து காப்பது எப்படி?

ஆறு வயதை ஒட்டி, பால்பற்களுக்குப் பின்னால் நான்கு கடைவாய்ப்பற்கள் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால், இவையும் பால்பற்கள்தான், விழுந்து முளைத்துவிடும் என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். இவை நிலைப்பற்கள். போனால் போனதுதான்.

பல்லில் ஒட்டும் படலத்திலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனால், பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதனால் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். ஐந்து மிட்டாயைச் சாப்பாட்டோடு ஒரேயடியாகத் தின்பதைவிட, நாள் முழுக்க ஒவ்வொன்றாகச் சப்புவது பல்லை அதிகம் கெடுக்கும்.

நகரத்துப் பிள்ளையிடம் பெரும்பாலும் பிரஷ் இருக்கும். ஆனால் காலை அவசரத்தில் அரை நிமிடம் தேய்த்துவிட்டு, பிறகு இடைவிடாமல் கொறிக்கும். கிராமத்தில் சில வீடுகளில் இன்னும் விரலும் பொடியும்தான். விரல் பல்லிடுக்கில் நுழையாது. கரித்தூளும் செங்கல் பொடியும் எனாமலைத் தேய்க்கும். இரண்டு பேருக்கும் வழி ஒன்றுதான்.

படி 1: பாருங்கள்
பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, டார்ச் அடித்து, உலர்ந்த துணியால் பல்லைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் தெரியாத வெள்ளைத் திட்டு அப்போது தெரியும். ஈறோரத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாக இருந்தால் அது சொத்தையின் தொடக்கம். இந்த நிலையில், எனாமலை உறுதியாக்க பேஸ்டில் சேர்க்கப்படும் ஃபுளோரைடால் மீட்டுவிடலாம். குழி விழுந்துவிட்டால் முடியாது. மருத்துவர்தான் அடைக்க வேண்டும்.

படி 2: பேஸ்டும் பிரஷும்
சிறிய தலை, மென்மையான இழைகள். பேஸ்ட் அட்டையில் ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) வரை இருக்கிறதா என்று படியுங்கள். மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு போதும். கிணற்று நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள ஊரென்றால், எந்த பேஸ்ட் என்று பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: துலக்குவது
இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். புதிதாக முளைக்கும் கடைவாய்ப்பல் பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்து நிற்கும். வழக்கம்போல் முன்னும் பின்னும் இழுத்தால் பிரஷ் உயரமான பல்லிலேயே ஓடும், புதுப்பல்லைத் தொடாது. பிள்ளைக்குப் பின்னால் நின்று, கன்னத்தை விரலால் ஒதுக்கி, பிரஷைப் பக்கவாட்டில் குறுக்காக நுழைத்து அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் தேயுங்கள். நான்கிலும் அதை முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள். ஈறோரத்தில் பிரஷை 45 பாகை சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக, மொத்தம் 2 நிமிடம். ஏழு, எட்டு வயது வரை பெரியவர் கை வேண்டும். பிள்ளை தானே தேய்த்தாலும் முடிவில் நீங்கள் ஒரு முறை தேய்த்துவிடுங்கள்.

படி 4: துப்புங்கள், கொப்பளிக்க வேண்டாம்
தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் கழுவிப் போய்விடும். நுரையைத் துப்பினால் போதும். பள்ளியில் குழாய் இல்லாவிட்டாலும் காகிதக் கோப்பையில் துப்ப வைத்துக் கூட்டாகத் துலக்கலாம். பிரஷ்களில் பெயர் எழுதி, ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி உலர வையுங்கள்.

படி 5: இரவு
காலையில் விட்டுப்போனாலும் இரவில் விடாதீர்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். அமிலத்தைத் தணிக்க எதுவும் இருக்காது. துலக்கிய பின் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ். இழைகள் விரிந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள்.

எவ்வளவு துலக்கினாலும் கடைவாய்ப்பல்லின் ஆழமான பள்ளங்களுக்குள் இழை இறங்காது, ஏனென்றால் பள்ளம் இழையைவிடக் குறுகலானது. பல் முழுதாக வெளிவந்ததும் பல் மருத்துவரிடம் பள்ளத்தை மூடும் பூச்சு போடக் கேளுங்கள். துளைபோட மாட்டார்கள், ஊசியும் கிடையாது.

வலித்துக்கொண்டிருந்த பல் திடீரென்று வலிக்காமல் போனால் நிம்மதி அடையாதீர்கள். உள்ளே நரம்பு செத்திருக்கலாம். ஈறில் கொப்புளம் தெரிந்தால் அந்த வாரமே காட்டுங்கள். கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்தால் அன்றே போக வேண்டும்.