கெசிக்: மலை ஏறி ரயில்பாதையில் திரும்பும் ஒரு வட்ட நடை

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் முதல்முறை மலை நடக்கிறவர்களுக்கு நான் சொல்வது கெசிக் ஊரை ஒட்டிய லாட்ரிக் மலைதான். 368 மீட்டர் உயரம். ஏறிப் பழைய ரயில்பாதை வழியாகத் திரும்பினால் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். ஏற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள். கால் சோர்ந்த பிறகு சமதளம் கிடைப்பது பெரிய நிம்மதி.

1. நேரக் கணக்கு. 5 கிலோமீட்டருக்கு 1 மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு 1 மணி என்பது மலை நடப்போரின் பழைய கணக்கு. இங்கே இரண்டரை மணி வரும். புதியவர்கள் 4 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு, தண்ணீர், விசில், ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டன் அரசின் நில அளவைத் துறை) வெளியிடும் ஓஎல்4 வரைபடம் கட்டாயம்.

2. ஏற்றம். கெசிக்கின் பழைய ரயில் நிலையத்தின் அருகிலிருந்து ஸ்பூனி கிரீன் லேன் என்ற பாதையைப் பிடித்து, ஏ66 நெடுஞ்சாலைக்கு மேலே உள்ள பாலத்தைக் கடந்து ஏறுங்கள். நேரே போகும் பாதை ஸ்கிடாவ் மலைக்கானது. லாட்ரிக்கின் பின்பக்கம் வந்ததும் வலப்புறம் பிரிவதில் திரும்பவேண்டும். பலர் பேச்சு சுவாரஸ்யத்தில் இதைத் தவறவிடுவார்கள். உச்சியில் கெசிக் ஊரும் டெர்வென்ட்வாட்டர் ஏரியும் காலடியில் விரியும். அவசரப்படாமல் உட்காருங்கள்.

3. இறக்கம். வரைபடத்தில் தெற்குச் சரிவின் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) ஒட்டி நெருங்கி இருக்கும், அதாவது சரிவு செங்குத்து; அங்கே இறங்காதீர்கள். கிழக்கு முகட்டில் கோடுகள் தள்ளித் தள்ளி விழும். அந்தப் புல்வெளியே உங்கள் வழி. கேட்டுகளை மூடிவிட்டுப் போங்கள். வசந்தத்தில் ஆட்டுக்குட்டிகள் இருக்கும், நாயைக் கயிற்றில் பிடியுங்கள்.

4. ரயில்பாதை. கீழே கிராமச் சாலையை அடைந்து, வரைபடத்தைப் பார்த்து கிரீட்டா ஆற்றோரம் உள்ள ரயில்பாதைக்கு இறங்குங்கள். திசைக் குழப்பம் வந்தால் ஆற்றைப் பாருங்கள்: அது ஓடும் பக்கம்தான் கெசிக்.

1860களில் பொறியாளர் தாமஸ் பவுச் அமைத்த பாதை இது. டர்ஹாமின் கோக் கரி மேற்கே இரும்பாலைகளுக்கு இதில் போனது. செங்குத்தான ஏற்றத்தில் ரயில் எஞ்சின் திணறும். அதனால் பாதை ஆற்றை விடாமல் பற்றிக்கொண்டு, குறுக்கும் நெடுக்கும் பாலம் போட்டுப் போகிறது. உங்கள் முழங்காலுக்கு இதமாக இருப்பது அந்த மென்சரிவுதான். 1972இல் கடைசி ரயில் ஓடியது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் இரண்டு பாலங்களை அடித்துக்கொண்டு போனது. 2020இல் மீண்டும் திறந்தார்கள். அப்போது, ஏ66 கட்டியபோது மண் போட்டு அடைத்திருந்த சுரங்கத்தையும் தோண்டி எடுத்துவிட்டார்கள். இன்று அதற்குள் நடந்தே போகலாம்! சைக்கிள்களும் வரும், ஓரமாக நடங்கள்.

5. ஆபத்தென்றால். அவசர உதவி எண்ணான 999ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள்.

ஊர் திரும்பியதும் பென்ரித் ரயில் நிலையத்துக்கு எக்ஸ்4, எக்ஸ்5 பேருந்துகள் உண்டு. கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.