அயலட்டையோட கொளுவாமல் கொழும்பில கோழி வளர்க்கிறது எப்பிடி

சத்தமே போடாத கோழி எண்டு ஒண்டு இல்லை, ஆரும் அப்பிடிச் சொல்லி வித்தால் வாங்காதேங்கோ. எங்களால செய்யக்கூடியது அது சத்தம் போடுற நேரத்தை மாத்துறது மட்டும்தான். விடியக்காலமை அஞ்சரைக்குக் கொக்கரிச்சால் சண்டை, அதே கொக்கரிப்பு 9 மணிக்கு எண்டால் காலி வீதி பஸ் ஹோர்னுக்கும் கடற்கரைப் பக்கம் போற ரெயினுக்கும் நடுவில ஆருக்கும் கேக்காது. நான் வெள்ளவத்தையில ஒரு லேனுக்குள்ள, ஒண்டரைப் பேர்ச் கூட வராத பின் வளவில மூண்டு பேடு வச்சிருக்கிறன், மூண்டு பக்கமும் வீடு, ஒரு பக்கம் பிளாற்ஸ். 2022 இல முட்டை விலை ஏறின ஏத்தத்திலயும் 2023 இல இந்தியாவில இருந்து முட்டை இறக்கின கூத்திலயும் வெறுத்துப்போய்த் தொடங்கினது. காசு மிச்சம் பிடிக்கலாம் எண்டு நினைச்சுத் தொடங்காதேங்கோ, தீன் விலைக்குச் சரிக்குச் சரிதான் வரும், ஆனா முட்டை நல்ல முட்டை.

முதல்ல சேவல் கதை. முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, இதை எத்தினை தரம் சொன்னாலும் சனம் நம்புறேல்லை, குஞ்சு பொரிக்கிறதுக்குத்தான் சேவல் வேணும், பேடு தன்பாட்டில இடும். முருகன்ர கொடியில சேவல் நல்ல வடிவாத்தான் இருக்கும், லேனுக்குள்ள சரிவராது. நான் முதல் வாங்கின நாலில ஒண்டு சேவலாப் போச்சு, பேடு எண்டு சொல்லித்தான் தந்தவை, மூண்டு மாசத்தில தொண்டை அடைச்ச மாதிரி ஒரு சத்தம் வந்திச்சு, அதுக்குப் பிறகு ஒரு கிழமையில முழுக் கூவல், அதுவும் 4 மணிக்கு. அடுத்த வீட்டில அப்ப கைக்குழந்தை. அண்டைக்கே வத்தளையில இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு ஓட்டோவில ஏத்தி அனுப்பிப்போட்டன். கழுத்தில பட்டி கட்டிக் கூவலைக் குறைக்கிறது எண்டு ஒண்டு இருக்கு, எனக்கு அது பிடிக்காது, மூச்சை இறுக்கிற வேலை.

அதால சின்னக் குஞ்சா வாங்காமல், 16 தொடக்கம் 18 கிழமை வயசு வந்த பேடா வாங்குங்கோ, அந்த வயசில ஆர் சேவல் ஆர் பேடு எண்டு கண்ணாலயே தெரியும், இன்னும் ரெண்டு மூண்டு கிழமையில முட்டையும் தொடங்கும். குஞ்சாத்தான் வேணும் எண்டால் ஷேவர் பிரவுண், ஹைலைன் பிரவுண் மாதிரி மண்ணிற முட்டைக்கோழி இனம் எடுங்கோ, அதுகளில பேட்டுக்குஞ்சு செம்மண் நிறமாவும் சேவல்குஞ்சு வெளிர் மஞ்சளாவும் பிறக்கும், ஏமாறமாட்டியள். இந்த இனங்கள் சாதுவும் கூட, மடியில ஏறி இருக்கும். வெள்ளை லெகோன் நல்லா இடும், ஆனா சும்மா ஒரு இலை விழுந்தாலும் பதறிக் கத்துற சாதி. ஊர்க்கோழி எனக்கு விருப்பம்தான், முட்டை ருசி, வருத்தமும் குறைவு, ஆனா மதிலால பறக்கும், அடிக்கடி அடைகிடக்கும். கினிக்கோழியை நினைச்சும் பாக்காதேங்கோ.

எத்தினை வளர்க்கிறது? மூண்டு. ஒண்டு மட்டும் வச்சால் அது துணை தேடி நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டு திரியும், ரெண்டு வச்சால் ஒண்டு செத்த அண்டைக்குத் திரும்பவும் அதே கதை, ஆறு ஏழு எண்டால் மணமும் சத்தமும் ரெண்டு மடங்கு. மூண்டு மண்ணிறக்கோழி நல்லா இடுற காலத்தில கிழமைக்குப் பதினைஞ்சு, பதினாறு முட்டை தரும், ஒரு குடும்பத்துக்கு வேற என்ன வேணும்.

இனிக் கூடு, இதில கொஞ்சம் கவனமா இருங்கோ ஏனெண்டால் முழு விளையாட்டும் இங்கதான். கோழி எழும்புறது மணிக்கூடு பாத்து இல்லை, வெளிச்சம் பாத்து. கொழும்பில வருஷம் முழுக்கச் சூரியன் 5.50க்கும் 6.30க்கும் இடையிலதான் உதிக்கும், அதுக்கு இருவது நிமிஷம் முன்னமே வெளிச்சம் வந்திடும், கம்பிவலைக் கூட்டுக்குள்ள இருந்தால் அந்த நேரமே "கதவைத் திற" எண்டு தொடங்கிவிடும். அப்ப இரவு படுக்கிற பெட்டி இருட்டா இருக்கவேணும். ஆனா குளிர் நாட்டுக்காரர் செய்யிற மாதிரி நாலு பக்கமும் பலகை அடிச்சு மூடினால் எங்கட வெக்கைக்கும் புழுக்கத்துக்கும் கோழி வாயைத் திறந்து இளைச்சு இளைச்சுச் செத்துப்போகும். காத்து வரவேணும், வெளிச்சம் வரக்கூடாது, அதுதான் சிக்கல்.

நான் செய்தது இது. மூண்டு பக்கமும் பலகை, கூரைக்குக் கீழ சுத்திவர ஆறு இஞ்சி இடைவெளி விட்டு அதுக்கு அரை இஞ்சி வெல்ட் மெஷ் (கட்டம் கட்டமா ஒட்டின கெட்டிக் கம்பிவலை), அந்த இடைவெளிக்கு வெளியில நாலு இஞ்சி தள்ளி இன்னொரு பலகையைச் சரிவாத் தொங்கவிட்டிருக்கு, உள்பக்கம் கறுப்புப் பெயின்ற். காத்து அந்தப் பலகைக்குக் கீழால வளைஞ்சு உள்ள போகும், வெளிச்சம் வளையாதே, அது பலகையில பட்டு நிண்டிடும். நாலாவது பக்கத்தில கீழ தரையோட இன்னொரு வலை இடைவெளி, அதுக்கும் அதே மாதிரி மறைப்பு, கீழால குளிர் காத்து ஏறும், மேலால சூட்டுக் காத்து போகும். கையை உள்ளுக்க விட்டுப் பாருங்கோ, காத்து ஓடுறது தெரியவேணும், மத்தியானம் கதவைச் சாத்திப்போட்டு உள்ள எட்டிப்பாத்தால் கைவிரல் தெரியக்கூடாது. கூரைக்குத் தகரம் மட்டும் போட்டால் மழை அடிக்கிற சத்தத்துக்கே கோழியள் கத்தும், சூடும் இறங்கும், தகரத்துக்குக் கீழ பிளைவூட் ஒரு தட்டுக் குடுங்கோ.

அளவு எண்டு பாத்தால் உள்ள ஒரு கோழிக்கு நாலு சதுர அடி, வெளியில ஓடித்திரிய எட்டு பத்துச் சதுர அடி. இடம் குறைஞ்சால் ஒண்டையொண்டு கொத்தும், கொத்து வாங்கினது கத்தும். இருக்கிறதுக்கு ரெண்டு இஞ்சிக் கம்பு ஒண்டு, ஆளுக்குப் பத்து இஞ்சி கணக்கு, முட்டைப் பெட்டியை விட உயரமா இருக்கவேணும் இல்லாட்டி பெட்டிக்குள்ளயே படுத்து எச்சமிடும்.

எங்க வைக்கிறது எண்டால், பக்கத்து வீட்டுப் படுக்கையறை யன்னலில இருந்து எவ்வளவு தூரம் ஏலுமோ அவ்வளவு தூரம், உங்கட குசினிச் சுவரோட எண்டால் இன்னும் நல்லம், சத்தம் முதல்ல உங்களைத்தான் எழுப்பும், அப்ப நீங்கள் கவனிப்பியள். கதவை மதிலைப் பாத்து வைக்காதேங்கோ, சீமெந்து மதிலில பட்டுச் சத்தம் திரும்பி மேல பிளாற்ஸுக்கு ஏறும். மதிலோரம் வாழை, மல்லிகை, கறிவேப்பிலை நட்டால் சத்தம் பெரிசாக் குறையாது, ஆனா கோழி கண்ணுக்குத் தெரியாட்டி அயலுக்குக் கோவமும் குறைவு, இது என்ர அனுபவம்.

நாளாந்த வேலை. நான் கதவு திறக்கிறது 7 மணிக்கு, மழையோ வெயிலோ போயா நாளோ அதே 7 தான். கோழிக்கு நேரம் பழகும், ஒரு நாள் 6க்குத் திறந்து பாருங்கோ அடுத்த நாள் 6க்கு உங்களைத் தேடும். கத்தினவுடன ஓடிப்போய்த் தீன் போடுறதும் அதே பிழை, "கத்தினால் சாப்பாடு வரும்" எண்டு பழக்கிவிடுறியள். கொஞ்சத் தீனை முதல் நாள் பின்னேரமே உள்ள தொங்குற பாத்திரத்தில விட்டுவையுங்கோ, எழும்பினவுடன வாய்க்கு வேலை இருந்தால் குரல் வராது. கொஞ்சம் எண்டுதான் சொன்னன், கனக்க விட்டால் எலி வரும், எலியோட எலிக்காய்ச்சலும் வரும். ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு லேயர் தீன் 110, 120 கிராம் போதும், கூட முருங்கை இலை, கங்குன், தேங்காய்ப்பூ மிச்சம், சிப்பி ஓடு வேறயா ஒரு சிரட்டையில. அவகாடோ தோலும் கொட்டையும் போடாதேங்கோ, அது நஞ்சு.

முட்டை இட்டவுடன ஒரு கொக்கரிப்பு வரும், அதை நிப்பாட்டேலாது. ஒரு முட்டை உருவாக 24 தொடக்கம் 26 மணித்தியாலம் எடுக்கிறபடியால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாப் பிந்தும், கூடுதலா இது காலமைக்கும் மத்தியானத்துக்கும் இடையிலதான் வரும், வேலைக்குப் போற சனம் போனாப் பிறகு. அஞ்சு நிமிஷம், முடிஞ்சுது. ஆனா இடுறதுக்கு முதலே அரை மணித்தியாலம் கேரிக்கொண்டு நிக்குது எண்டால் பெட்டியில இன்னொராள் இருக்கிறா எண்டு அர்த்தம். மூண்டு கோழிக்கு ஒரு பெட்டி காணும் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம், நான் ரெண்டு வச்சிருக்கிறன், பன்னிரண்டு இஞ்சிக்குப் பன்னிரண்டு, முன்னால ஒரு சாக்குத் துண்டு தொங்கவிட்டது. ரெண்டாவது பெட்டி வச்ச கிழமையே சத்தம் பாதியாக் குறைஞ்சுது, ஆனா பாருங்கோ மூண்டும் ஒரே பெட்டிக்குத்தான் அடிபடுறது இன்னும் இருக்கு, அதுக்கு மற்றப் பெட்டிக்குள்ள ஒரு பிளாஸ்ரிக் முட்டை வச்சு ஏமாத்தலாம். அடைகிடக்கிற கோழி சத்தம் போடாது, ஆனா பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு மற்றதுகளைக் கத்த வைக்கும். அதைத் தூக்கி அடி கம்பிவலையா உள்ள ஒரு கூட்டில தண்ணியும் தீனும் குடுத்து மூண்டு நாலு நாள் விடுங்கோ, வயித்துக்குக் கீழ காத்துப் பட்டால் அடை போயிடும். தண்ணிக்குள்ள முக்கிறது எண்டு பழைய ஆக்கள் செய்வினம், பாவம், தேவையில்லை.

இரவில கத்தினால் அது விளையாட்டில்லை, எழும்பிப் போய்ப் பாருங்கோ. கொழும்பு ரவுன் தானே எண்டு நினைக்காதேங்கோ, கூரையில ஓடுற மரநாய், பகலில கீரி, வெள்ளவத்தை கால்வாய்ப் பக்கம் எண்டால் கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு) முட்டை எடுக்க வரும், பத்தரமுல்ல, தலவத்துகொட சதுப்பு நிலப் பக்கம் மீன்பிடிப் பூனையே இருக்கு. சாதாரணக் கோழிவலை கோழியை உள்ள வைக்கும், மரநாயை வெளியில வைக்காது, அதுக்குத்தான் அரை இஞ்சி வெல்ட் மெஷ், கதவுக்குக் கொளுக்கி இல்லை, ஆமைப்பூட்டு. ஒண்டும் வராமலே இரவில முணுமுணுத்துக்கொண்டு, பின்னேரம் கூட்டுக்க போக மறுக்குது எண்டால் உண்ணி. ரோர்ச் எடுத்துக்கொண்டு 9 மணிக்குப் பிறகு போய்க் கம்பின்ர அடிப்பக்கத்தையும் மூட்டுகளையும் பாருங்கோ, மிளகாய்த்தூள் மாதிரிச் சிவப்பா ஊரும், பகலில பாத்தால் ஒண்டும் தெரியாது. கம்பைக் கழட்டிச் சுடுதண்ணி ஊத்திக் கழுவி வெயிலில போடவேணும், ஒரு தரம் காணாது, கிழமைக்கு ஒருக்கா மூண்டு நாலு தரம். ராணிக்கெட் எண்ட கோழிக்கழிச்சல் நோய்க்கு ஊசியும் அம்மை ஊசியும் அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தில கேளுங்கோ.

மணம். உண்மையைச் சொன்னால் சத்தத்துக்கு வாற முறைப்பாட்டில பாதி மணத்துக்கு வந்தது, மணம் இல்லாட்டி சத்தத்தைச் சனம் பொறுக்கும். கீழ நாலு இஞ்சி மரத்தூளோ உமியோ போட்டு, ரெண்டு நாளைக்கு ஒருக்காக் கிளறி, ஈரம் பட்ட இடத்தை உடன அள்ளுங்கோ, எச்சம் காய்ஞ்சு இருந்தால் மணக்காது, ஈரப்பட்டால்தான் மூக்கைப் பிடுங்கும். ஒக்ரோபர், நவம்பர் மழைக்கு ஓடுற பக்கத்துக்குத் தறப்பாள் கட்டாயம். தண்ணிப் பாத்திரத்தை ஒவ்வொரு நாளும் கவிட்டுத் தேச்சுக் கழுவுங்கோ, டெங்கு பாக்க வாற பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதல்ல பாக்கிறது அதைத்தான். நான் இப்ப, கோழி கொத்தினால் மட்டும் தண்ணி சொட்டுற நிப்பிள் போட்ட பக்கெற்றுக்கு மாறிட்டன், மூடி இருக்கு, நுளம்பும் இல்லை ஈரமும் இல்லை.

கூடு அடிக்க முதலே மாநகர சபையில ஒரு வார்த்தை கேட்டுவையுங்கோ, தெஹிவளைப் பக்கம் எண்டால் அது வேற சபை, வாடகை வீடு எண்டால் வீட்டுக்காரரிட்டயும். அதைவிட முக்கியம் அயலுக்குப் போய்ச் சொல்லுறது, கோழி வந்தாப் பிறகு இல்லை, வர முதல். நான் முதல் தரம் சொல்லாமல் செய்து வாங்கிக் கட்டினன், ரெண்டாம் தரம் மூண்டு வீட்டுக்கும் போய், "அன்ரி, மூண்டு பேடு வாங்கப்போறன், சேவல் இல்லை, ஏதும் கரைச்சல் எண்டால் எந்த நேரமும் எனக்குக் கோல் பண்ணுங்கோ" எண்டு நம்பரும் குடுத்தன். சிங்கள அக்கா ஒராள் இருக்கிறா, அவவுக்குக் கோழி பாக்கிறதெண்டால் பிள்ளையள் மாதிரிச் சந்தோஷம், நாங்கள் ஊருக்குப் போனால் கதவு திறந்து மூடுறது அவதான். முட்டை குடுக்கிறது நல்ல பழக்கம், ஆனா ஆருக்குக் குடுக்கிறம் எண்டு பாருங்கோ, எங்கட இடது பக்க வீடு சுத்த சைவம், முதல் நாள் நான் முட்டையோட போய் நிண்டு வழிஞ்சது எனக்குத்தான் தெரியும். அவைக்கு இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மக்கின கோழி எருவு ஒரு பை போகுது, பச்சையாப் போட்டால் செடி எரிஞ்சுபோகும், அதால மூலையில குவிச்சு நல்லா மக்க விட்டுத்தான் குடுக்கிறது. போன மாசம் அந்த அன்ரியே மதிலுக்கு மேலால எட்டிப்பாத்து "தம்பி, என்ர ரோசாவுக்கு இந்த மாசம் எரு இன்னும் வரேல்லை" எண்டு கேட்டவ.