பெற்றோருக்கான தகவல் கோப்பு: வீட்டில் குழந்தை பார்ப்பவர்களுக்கு

இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட்டில் (பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் ஆய்வு செய்யும் அரசு அமைப்பு) பதிந்து, வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவரா நீங்கள்? விசாரிக்க வரும் பெற்றோருக்குக் கொடுக்க நாலைந்து பக்கத்தில் ஒரு கோப்பு வைத்திருங்கள். அதற்கு மேல் நீண்டால் யாரும் படிப்பதில்லை.

முதல் பக்கத்தில் பதிவு எண், நேரம், காலியிடம். காலியிடத்தை வயதோடு எழுதுங்கள். 8 வயதுக்குட்பட்டவர் அதிகபட்சம் 6 பேர். அதில் சிறு பிள்ளைகள் (5 வயது நிறைந்து அடுத்த செப்டம்பர் 1 வராதவர்கள்) பொதுவாக 3, ஒரு வயது நிறையாதவர் 1. உங்கள் சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேரும். 'ஓர் இடம் உண்டு' என்று மட்டும் போட்டால், கைக்குழந்தையோடு வருபவர் ஏமாந்து திரும்புவார்.

மனக்கசப்பு வருவது பெரும்பாலும் கட்டணத்தில்தான். வேலைக்குப் போகும், தகுதியுள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கு அரசு நிதி தரும் வாரம் 30 மணி நேரப் பராமரிப்பு என்பது ஆண்டுக்கு 38 வாரக் கணக்கு. மீதி வாரங்களுக்கு எவ்வளவு, உங்கள் விடுமுறைக்குப் பணம் உண்டா, பிள்ளை காய்ச்சலில் வராத நாளுக்கு? தாமதமாக அழைத்துப்போனால்? ஒவ்வொன்றையும் தனி வரியில் தொகையோடு எழுதுங்கள். நிதி பெறும் நேரத்துக்குச் சாப்பாட்டுக் கட்டணத்தைக் கட்டாயமாக்கக் கூடாது. வீட்டுச் சாப்பாடு கொடுத்தனுப்பலாம் என்றும் சேருங்கள்.

காப்பீடு, குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழ் ஆகியவற்றின் காலாவதித் தேதியைக் குறியுங்கள். முதலுதவிச் சான்றிதழை 3 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளின் படங்களை, அவர்கள் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் போடவே வேண்டாம்.